வாயில்லா ஜீவனுக்காக ஸ்டேஷன் படியேறுகிறவர்களுக்கு: நெல்லைச் சீமைக்கான கையேடு

மாட்டைச் சித்திரவதை செய்தவருக்கு முதல் தடவை விழும் அபராதம் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய். 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அன்று எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் 25 முதல் 100 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ. விலங்குகளுக்காகச் சட்டப் பணி செய்ய வருகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டேஷனில் ரைட்டர் கேட்கப்போவதும் இதைத்தான்: "அம்பது ரூவா கேசுக்கா இவ்வளவு தூரம் வந்தீய?"

ஆமாம், அதற்குத்தான். அபராதத்தை ஒரு பக்கம் வையுங்கள். புகார் முறையாகப் பதிவானால் அந்த மாட்டை டாக்டரிடம் காட்ட வழி பிறக்கும், தேவைப்பட்டால் பறிமுதல் செய்யலாம், வழக்கு முடியும்வரை வேறு இடத்தில் வைத்துப் பராமரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்த உயிருக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவும்தான், இது சின்ன விஷயம் இல்லை. இதைக் கிடைக்கச் செய்வது கூச்சலோ வீடியோவோ இல்லை. சரியான பிரிவு போட்ட மனு, டாக்டர் சான்று, தேதி தவறாத தொடர்ச்சி. தன்னார்வலரின் வேலை இந்த மூன்றும்தான்.

இதற்கு அடையாள அட்டை எதுவும் வேண்டாம். எந்தக் குடிமகனும் புகார் கொடுக்கலாம். "விலங்குகள் உரிமை அதிகாரி" என்று பணம் வாங்கிக்கொண்டு யாராவது அட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். அதைக் காட்டி வண்டியை மறித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

எந்தப் பிரிவு என்பதில்தான் பாதிக் கேஸ் நிற்கிறது

வதைச் சட்டத்தின் பெரும்பாலான குற்றங்களில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. அடிப்பது, பட்டினி போடுவது, குட்டைச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போடுவது, நொண்டி மாட்டை வேலை வாங்குவது எல்லாம் இந்த ரகம். "எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஏட்டையா சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு சில குற்றங்களுக்கு விலக்கு தருகிறது. 11(1)(எல்), அதாவது கொடூரமான முறையில் கொல்வதும் உறுப்பைச் சிதைப்பதும், போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். தெரு நாய்களையும் சேர்த்து என்று அந்தப் பிரிவே எழுத்தில் சொல்கிறது. விலங்குச் சண்டைக்கு இடம் நடத்துவது 11(1)(என்), அதுவும் இப்படியே.

அடுத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429 இரண்டுக்கும் பதில் வந்தது. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனப்படுத்துவது, உபயோகமற்றதாக்குவது எல்லாம் இதில் அடங்கும். ஐந்து வருடம்வரை சிறை. முன்பு விலங்கின் விலை 10 ரூபாயா 50 ரூபாயா என்று ஒரு கணக்கு இருந்தது, இப்போது அது இல்லை. இதுவும் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய பிரிவு. தெரு நாய் விஷயத்தில் "நாய்க்கு உடையவன் யாரு?" என்ற கேள்வி வரும். 325 சொத்துக்குச் சேதம் என்ற அடிப்படையில் நிற்பதால் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. அதனால் தெரு நாய் என்றால் 325-ஐ மட்டும் எழுதாமல் 11(1)(எல்)-ஐயும் கட்டாயம் சேருங்கள். அதற்கு உடையவர் வேண்டாம்.

இரண்டு குற்றங்களில் ஒன்றாவது நேரடியாக எடுக்கக்கூடியதாக இருந்தால் மொத்த வழக்கையும் அப்படியே எடுக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174(4). இதை மனுவின் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஆனால் இல்லாத 325-ஐ இழுத்துப் போடாதீர்கள். வெறும் பட்டினி கேஸில் 325 எழுதினால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதல் நாளில் செய்ய வேண்டியது

1962-க்கு போன் போடுங்கள், கால்நடைத் துறையின் ஊர்தி அது. பெரிய காயம், எலும்பு முறிவு என்றால் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போதே டாக்டரிடம் எழுத்தில் சான்று கேளுங்கள். வெறுமனே "காயம் உள்ளது" என்று எழுதிய சான்று கோர்ட்டில் நிற்காது. அதில் இருக்க வேண்டியவை: இனம், நிறம், பால், பல்லை வைத்துக் கணித்த வயது, கொம்பும் சுழியும் போன்ற அடையாளம், ஒவ்வொரு காயத்தின் நீள அகலம் சென்டிமீட்டரில், அது புதுசா பழசா, எதனால் ஏற்பட்டிருக்கலாம், எத்தனை நாள் ஓய்வு வேண்டும். வேலை மாடு என்றால் "உழைக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளது" என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதற்கான 11(1)(பி) அந்த ஒரு வாசகத்தில்தான் நிற்கும்.

டாக்டர் வருவதற்குள் வண்டி மாட்டை நீங்களே பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. நுகத்தடி உட்காரும் திமிலுக்கு முன்புறம் தோல் உரிந்து ஈரமாக இருக்கிறதா. பின்தொடையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் காய்ந்திருக்கின்றனவா, அவை தார்க்குச்சி ஆணியின் தடம். மூக்கணாங்கயிறு ஓடும் துளை கிழிந்து பெரிதாகியிருக்கிறதா. லாரியில் வந்த மாடு என்றால் வாலை அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவிப் பாருங்கள், முறுக்கி எழுப்பிய வாலில் கணு உடைந்து வளைந்திருக்கும். கண் சிவந்து நீர் ஒழுகினால் மிளகாய்ப் பொடி தேய்த்திருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

படம் எடுப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மாடும் பின்னால் கடைப் பலகையோ கோயில் மதிலோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, பிறகு முழு உடம்பு இரண்டு பக்கமும், பிறகு காயத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து. வண்டி எண் தனியாக. எடுத்த போனிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோகும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தங்கும். மின்னணுச் சாட்சியத்துக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் கேட்கப்படும். அந்தப் படிவத்தின் முதல் பகுதியில் போன் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். படம் எடுத்தவர் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர் என்றால் அந்தப் படத்தை நம்பி வழக்கு நடத்த வேண்டாம்.

விஷம் வைத்த கேஸில் நேரம்தான் எதிரி. குருணையாக வரும் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைத்திருந்தால் நாய்க்கு வாயில் நுரை தள்ளும், உடம்பு துடிக்கும், கண்பாப்பா சுருங்கிப் போகும். இந்த அடையாளங்களை நேரத்தோடு எழுதி வையுங்கள். மீந்த கறியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் சவம் சீக்கிரம் ஊதிவிடும். நிழலுக்கு நகர்த்தி, வயிற்றைச் சுற்றி ஐஸ் வையுங்கள். பாவம் என்று உடனே புதைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதோடு கேஸும் புதைந்துவிடும்.

பிரேதப் பரிசோதனைக்குப் போலீஸ் கோரிக்கைக் கடிதம் இல்லாமல் பெரும்பாலான டாக்டர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள், அது அவர்கள் தப்பில்லை. அதனால் முதலில் ஸ்டேஷனுக்கு ஓடி ரசீது வாங்குங்கள். இரைப்பையும் அதில் உள்ளதும், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விஷப் பரிசோதனைக்கு இவற்றை அடர் உப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும், ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 360 கிராம் சோடியம் குளோரைடு கரையும், அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கினால்தான் கரைசல் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். கால்நடை மருந்தகத்தில் வாயகன்ற ஜாடி இருக்காது. இரண்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். சீல் வைப்பது டாக்டர், கொண்டுபோவது போலீஸ். இடையில் உங்கள் கை படவே கூடாது.

மனு

ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். கோபத்தைக் காட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். மாதிரிக்கு:

"ஐயா, 12-ஆம் தேதி மதியம் 1.20 மணிக்கு மேலப்பாளையம் சந்தை முக்கில், பக்கவாட்டில் எண் எழுதிய ஒரு மாட்டு வண்டியில் மணல் ஏற்றி வந்த வெள்ளை நிறக் காளையின் இடது முன்னங்கால் ஊன்ற முடியாமல் இருந்ததைப் பார்த்தேன். வண்டி ஓட்டியவர் ஆணி பொருத்திய குச்சியால் பின்தொடையில் மூன்று முறை குத்தினார். இரத்தம் வந்தது. படங்கள் மூன்றும், கால்நடை உதவி மருத்துவரின் சான்றும் இணைத்துள்ளேன். இது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11(1)(ஏ), 11(1)(பி) ஆகியவற்றின் கீழும், சுமை விலங்குகள் விதிகள் 1965-இன் விதி 8-இன் கீழும் குற்றமாகும். பிரிவு 34-இன்படி காளையைப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் முக்கியம். வதைச் சட்டத்தின் 34-இன்படி கான்ஸ்டபிளுக்கு மேல் ரேங்க் உள்ள எந்தப் போலீஸ் அதிகாரியும் விலங்கைக் கைப்பற்றி, பக்கத்து மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை அதிகாரியிடமோ காட்டலாம். எஃப்.ஐ.ஆர். போட முடியாத குற்றத்திலும் இந்த அதிகாரம் உண்டு. பல ஸ்டேஷன்களில் இது தெரியாது, பிரிவின் நகலை மனுவோடு பின் பண்ணிக் கொடுங்கள்.

பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர், பாளையங்கோட்டை எல்லாம் மாநகரக் கமிஷனர் கீழ் வரும். நாங்குநேரி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாவட்ட எஸ்.பி. கீழ். 2019-இல் பிரிந்த தென்காசிக்கு எஸ்.பி. தனி. எல்லை தப்பினாலும் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றத்துக்கு எந்த ஸ்டேஷனும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(1) சொல்கிறது, ஆனாலும் சரியான இடத்தில் கொடுத்தால் ஒரு வாரம் மிச்சம்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். பலர் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது மனு வாங்கியதற்கான சீட்டு மட்டுமே. எஃப்.ஐ.ஆர். என்றால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். 325 போன்ற பிரிவில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம், அதுவரை பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. நேரடியாக எடுக்க முடியாத குற்றத்துக்கு 223-இன் கீழ் தனிநபர் புகாராகவே கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குழுவில் ஒரு பெண் புகார்தாரராக இருப்பது இந்த வகையில் பெரிய உதவி.

காலண்டரில் சிவப்பு மையால் குறிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வதைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டில் ஏறியிருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டாச்சே என்று இருந்தால் நல்ல கேஸும் செத்துப்போகும். 60-ஆவது நாள் ஸ்டேஷனுக்குப் போய் குற்றப்பத்திரிகை என்ன ஆச்சு என்று கேளுங்கள், அசைவு இல்லையென்றால் தனிநபர் புகாரை உடனே போடுங்கள்.

பிடித்த மாடு எங்கே படுக்கும்?

இதற்குப் பதில் இல்லாமல் பறிமுதல் கேட்காதீர்கள். இருபது மாட்டை லாரியிலிருந்து இறக்கி ஸ்டேஷன் வாசலில் கட்டினால், ராத்திரி தண்ணீர் காட்ட ஆள் இருக்காது, விடிந்ததும் உரிமையாளரிடமே எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். முன்கூட்டியே இரண்டு கோசாலையோ காப்பகமோ பார்த்து, எத்தனை மாட்டுக்கு இடம், வைக்கோல் யார் தருவது என்று பேசி வையுங்கள். வளர்ந்த மாடு ஒன்றுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைக்கவும், பராமரிப்புச் செலவை எதிர்த்தரப்பிடம் வாங்கவும் 2017-ஆம் ஆண்டின் வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகள் இடம் தருகின்றன. வண்டியில் கொண்டுவந்த மாடு என்றால் வண்டி உரிமையாளர், அனுப்பியவர், ஏற்றிவந்தவர் எல்லோரும் சேர்ந்தே அந்தச் செலவுக்குப் பொறுப்பு. முதல் விசாரணையிலேயே இந்த விதியைக் காட்டி மனுப் போடச் சொல்லுங்கள். தாமதித்தால் உரிமையாளர் தரப்பு முந்திக்கொள்ளும்.

லாரி, வண்டி, கழுதை

1978-ஆம் ஆண்டின் போக்குவரத்து விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. மோட்டார் வாகன விதி 125-இ ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு சதுர மீட்டர் தடுப்பு இடம் கேட்கிறது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் வண்டிகளில் எண்ணிக்கையை எண்ணிவிட்டு, வண்டி எண், நேரம், போகும் திசையைச் சொல்லி 100-க்கோ 112-க்கோ தகவல் கொடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு நகல் அனுப்பினால் அங்கே விழும் அபராதம் 50 ரூபாயாக இருக்காது.

வண்டியை நீங்கள் மறிக்கவே கூடாது. அது உங்கள் மேல் நியாய சன்ஹிதாவின் 126-இன் கீழ் வழக்கு வரும் காரியம். அதைவிட முக்கியம், மாட்டை வைத்து ஒரு சமூகத்தை மிரட்ட அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு தடவை போட்டோவில் நின்றாலும் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது. அதுபோல் கிராமத்தில் ஆடு, நாய் கேஸ் வரும்போது அதன் பின்னால் வரப்புத் தகராறோ சாதிப் பகையோ இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் விசாரியுங்கள். இருந்தால் மிருகத்துக்குச் சிகிச்சை மட்டும் வாங்கிக் கொடுங்கள், புகாரில் கையெழுத்துப் போடாதீர்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் கிடா வெட்டுவதை எதிர்த்து மனுக் கொடுத்தும் பயனில்லை. மதம் வேண்டும் முறையில் கொல்வதை வதைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது.

சுமை விலங்குகளுக்கு 1965 விதிகள். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நெல்லையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பெரும்பாலான நாள் இதில் வந்துவிடும். கழுதை முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இங்கே மட்டும் நேராகப் புகாருக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் முடிவான கருத்து. "அண்ணாச்சி, காளை கால ஊன மாட்டங்கு பாத்தீயளா? ரெண்டு நாள் அவுத்து விடுங்க, டாக்டர நான் கூட்டியாறேன்" என்று தொடங்குங்கள். கூலிக்கு ஓட்டுகிறவரின் பிழைப்பும் அந்தக் காலில்தான் இருக்கிறது. இரண்டாவது தடவையும் அதே மாடு அதே காலோடு வண்டியில் நின்றால் மனு எழுதுங்கள்.

தெரு நாய்

2023-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளின்படி நாயைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விலக்கி இதை உறுதிப்படுத்தியது, உணவு வைக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் வைக்கச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. இந்த வழக்கில் உத்தரவுகள் மாறிக்கொண்டே வருவதால், மனுவில் எழுதும் முன் கடைசி உத்தரவைப் படித்துவிடுங்கள்.

இங்கே வலுவான ஆயுதம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ கேளுங்கள்: போன ஆறு மாதத்தில் மாதவாரியாக எத்தனை நாய்க்குக் கருத்தடை நடந்தது, அறுவைக்குப் பின் இறந்தவை எத்தனை, கூண்டுகள் எத்தனை, ஒரு நாய்க்கு எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது, கண்காணிப்புக் குழுக் கூட்டக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் கடைசியாக எப்போது கூடியது என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கொக்கிரகுளம் குறைதீர் கூட்டத்துக்குப் போனால் பேச்சின் எடையே வேறு.

மயிலும் கிளியும் யானையும்

இவை வனத்துறை விஷயம், சட்டம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தாலும் கண்ணி வைத்தாலும் வேட்டைதான், மூன்று முதல் ஏழு வருடம் சிறை. செத்த மயிலை நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது அரசின் சொத்து. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனிலோ வனச்சரக அலுவலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். கூண்டுக் கிளிக்கும் கோயில் யானைக்கும் ரேஞ்சரிடமே போங்கள். யானைக்கென்று தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. வனத்துறை அசையாவிட்டால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் கோர்ட்டில் புகார் போட 55-ஆம் பிரிவு இடம் தருகிறது.

சாட்சி சொல்லும் நாள்

சம்மன் வர ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். வீடு மாறினால் விசாரணை அதிகாரிக்குப் புது முகவரி எழுதிக் கொடுங்கள். சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டிருந்தால், என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வைத்திருங்கள், கூண்டில் கேட்கப்போவது அதைத்தான். அரசு வக்கீலை முந்தின நாளே பார்த்து உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், "துடிதுடிச்சு அழுதது" என்பதை விட "இடது காலைத் தரையில் ஊன்றவில்லை" என்பது மாஜிஸ்திரேட்டுக்கு உதவும். வர முடியாத வாய்தா என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். சாட்சி வராத இரண்டு வாய்தாவில் மாட்டை உரிமையாளர் திரும்பக் கேட்டு மனுப் போட்டிருப்பார்.